இன்ஹேலர் வந்த வழியும், அதை நாம் பேண வேண்டிய முறையும்

 

விழுப்புரத்திற்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் அமைந்த நம் கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் இரைப்பு நோய் புதியதன்று. கரும்புச் சோகை எரியும் புகை, நெல் தூற்றும் களத்தின் தூசி, மார்கழிப் பனி என ஆண்டு முழுவதும் மூச்சுக்குழாயைச் சீண்டும் காரணங்கள் நம்மைச் சூழ்ந்தே இருக்கின்றன. ஆயினும் நோயைவிட அதற்குரிய மருந்தையே நம் மக்கள் அதிகம் அஞ்சுகின்றனர். இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்பர் சிலர். இறுதி நிலையை அடைந்தவர்தாம் ‘பம்பு’ அடிப்பர் என்பர் வேறு சிலர். ‘அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாமே’ என்று தாய்மார்கள் கலங்குகின்றனர். மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் அது அலமாரிக்குள் ஒளித்து வைக்கப்படுகிறது. ரமலான் பிறந்துவிட்டாலோ, மாதம் முழுவதும் அதைத் தொடாமலிருப்பதே பேணுதல் எனக் கருதுவோரும் உண்டு.

இவ்வச்சங்களின் விலை சிறியதன்று. உலகில் ஆஸ்துமாவால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் நம் இந்திய நாட்டவர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அம்மரணங்களில் பெரும்பகுதி தடுக்கத்தக்கது என்பதே மருத்துவ உலகின் கருத்து. நாம் மருத்துவர் அல்லோம். மார்க்கக் கல்வி போதிப்பவர்கள். எனினும் ஒரு பொருள் எவ்வாறு தோன்றியது, எந்தத் தவறுகளைக் கடந்து இன்றைய வடிவை அடைந்தது என்பதை அறிந்தால் அதன்மீதான வீண் அச்சமும் அகலும். அதைக் கையாளும் ஒழுங்கும் மனத்தில் பதியும். ஆகவே இக்கட்டுரையில் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த சேர்க்கை இன்ஹேலரின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முன்னோர் கண்ட இரைப்பு

அரபு மருத்துவ நூல்கள் இந்நோயை ‘ரப்வு’ என்று அழைத்தன. இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ இதனைத் தனியாக ஆராய்கிறது. அவருக்கும் முற்பட்ட அர்-ராஸி, வசந்த காலத்தில் ரோஜா மலரை முகர்ந்தால் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு மூக்கடைப்பும் நீரொழுக்கும் ஏன் உண்டாகின்றன என்பதை விளக்க ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். இன்று நாம் ‘அலர்ஜி’ என்று சொல்வதைப் பற்றி எழுந்த மிகப் பழைய ஆக்கங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூன், ஆளும் வகுப்பைச் சேர்ந்த ஒரு நோயாளிக்காக இரைப்பு பற்றி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். சுல்தான் ஸலாஹுத்தீன் அரசவையைச் சார்ந்திருந்தவர் அவர். தூய காற்று, அளவான உணவு, நல்லுறக்கம், மன அமைதி ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். இந்நோயை ஒரே நாளில் ஒழித்துவிடும் மருந்து எதையும் அவர் வாக்களிக்கவில்லை. அன்றாட ஒழுங்கினாலேயே அதனை அடக்க இயலும் என்பதே அவர் நிலைப்பாடு. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த அடிப்படை மாறவில்லை. ஆஸ்துமா ஓர் ஊசியால் தீர்ந்துபோகும் காய்ச்சல் அன்று. நாள்தோறும் பேணிக் கட்டுக்குள் வைக்க வேண்டிய நிலை.

சென்னையிலிருந்து சென்ற புகை

மருந்தை விழுங்காமல் மூச்சோடு இழுக்கும் முறை மேலை நாட்டிலிருந்து நமக்கு வந்தது என்றே பலரும் நினைக்கின்றனர். வரலாறோ வேறொன்றைக் கூறுகிறது.

நம் நாட்டில் இரைப்பு கண்டவர்கள் ஊமத்தையை உலர்த்திப் புகைப்பது நெடுங்கால வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இவ்வழக்கத்தை அறிந்துகொண்டார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்துச் சாயப்பூச்சி வளர்க்க முயன்றவர் அவர். செடிகொடிகளின்மீது தீராத ஆர்வம் கொண்டவர். இரைப்பால் துன்புற்ற ஜென்ட் என்னும் படைத்தளபதிக்கு அவர் வழியாக இம்முறை தெரியவந்தது. 1802ஆம் ஆண்டில் ஊமத்தை இங்கிலாந்தை அடைந்தது. அங்குள்ள மருத்துவர்கள் தம் நாட்டில் விளைந்த ஊமத்தை இனத்தைக் கொண்டு அதே சிகிச்சையைத் தொடர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டில் ‘ஆஸ்துமா சிகரெட்’ என்ற பெயரில் அது ஐரோப்பிய மருந்துக் கடைகளில் விற்பனையாகி, 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

ஊமத்தையிலுள்ள அட்ரோபின் போன்ற வேதிப்பொருள்கள், மூச்சுக்குழாயை இறுக்கும் நரம்புச் செய்தியைத் தடுக்கின்றன. எனவே இறுகிய தசை சற்றே தளர்கிறது. இவ்வறிவைப் பின்பற்றியே பிற்காலத்தில் இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் ஆகிய பாதுகாப்பான உள்ளிழுப்பு மருந்துகள் ஆக்கப்பட்டன. ஆயின் ஊமத்தை கொடிய நஞ்சு. எவ்வளவு மருந்து உள்ளே செல்கிறது என்பது புகைப்பவருக்குத் தெரியாது; பிதற்றலும் நினைவுக் குழப்பமும் மரணமும் கூட நேரலாம். புகையும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். எனவே இதனைப் படிக்கும் எவரும் ஊமத்தையைக் கைவைத்தியமாக முயலவே கூடாது. மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்ப வேண்டும், ஆனால் அளவு அறிந்து அனுப்ப வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம். அந்த அளவைக் கண்டடைய மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒரு சிறுமியின் கேள்வி

‘இன்ஹேலர்’ என்னும் சொல்லை 1778இல் ஜான் மட்ஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழக்கிற்குக் கொண்டுவந்தார். மூடியும் குழாயும் பொருத்திய ஓர் உலோகக் குவளையே அவர் சொன்ன கருவி. பின்னர் கண்ணாடிக் குழலும் ரப்பர் குமிழும் கொண்ட தெளிப்பான்கள் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்ரினலின் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலான ஐசோப்ரினலினைத் தெளிப்பானில் ஊற்றி நோயாளிகள் இழுத்தனர். அக்கருவிகள் எளிதில் உடைந்தன. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு மருந்தே வெளிப்பட்டது.

1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத் தலைவரின் மகள், 13 வயதுச் சிறுமி, ஆஸ்துமாவால் அவதியுற்றிருந்தாள். தலைமுடிக்குத் தெளிக்கும் டப்பாவைப் போல் என் மருந்தையும் ஏன் அடைத்துத் தரக்கூடாது என்று அவள் தந்தையிடம் கேட்டாள். அடுத்த ஆண்டே, அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மருந்தை வெளியிடும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் ‘பம்பு’ என்றழைப்பது அதன் வாரிசுதான்.

நிவாரணம் மட்டும் போதும் என்று எண்ணிய காலம்

இதன்பின் நிகழ்ந்ததை நம் குடும்பங்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரெனப் பெருகின. அதிலும் இளையோரிடையே பன்மடங்கு உயர்ந்தன. அதிக வலிமையுள்ள ஐசோப்ரினலின் இன்ஹேலர் பரவலாக விற்ற காலம் அது. எச்சரிக்கை விடுக்கப்பட்டு அதன் விற்பனை குறைந்தபின் மரணங்களும் குறைந்தன. 1976இல் நியூசிலாந்தில் ஃபெனோட்ரால் என்னும் நிவாரண மருந்து அறிமுகமான பின்னும் இவ்வாறே இரண்டாவது மரண அலை எழுந்தது.

காரணம் யாது? ஆஸ்துமாவில் இரு கேடுகள் உள. ஒன்று, மூச்சுக்குழாயைச் சூழ்ந்த தசை இறுகுதல். மற்றொன்று, குழாயின் உட்சுவர் சிவந்து வீங்கிச் சளி கட்டுதல். இதனை அழற்சி என்பர். நிவாரண இன்ஹேலர் தசையை மட்டுமே தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு சீராகிவிடும். நோயாளி நலமடைந்ததாக எண்ணுவார். உள்ளேயோ அழற்சி வளர்ந்துகொண்டே இருக்கும். சுவரில் நீர் ஊறி இற்றுப்போகும் வீட்டிற்கு மேலே சுண்ணாம்பு மட்டும் பூசுவது போன்றது இது. ஒருநாள் எத்தனை முறை அழுத்தியும் குழாய் திறவாத நிலை வந்துவிடுகிறது.

இன்றும் மருந்துக் கடையில் நீல நிற நிவாரண இன்ஹேலரை மட்டும் மாதந்தோறும் வாங்கிச் செல்வோர் நம்மிடையே பலர். விலை குறைவு, பலன் உடனடி என்பது அவர்கள் கூறும் காரணம். ஆஸ்துமாவிற்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவாகிய ‘ஜினா’ 2019இல் தன் பரிந்துரையையே மாற்றியது. வளரிளம் பருவத்தினரும் பெரியோரும் ஸ்டீராய்டு இன்றி, விரைவு நிவாரண மருந்தை மட்டும் கொண்டு ஆஸ்துமாவை நடத்துதல் கூடாது என்று அது அறிவித்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு மரணங்கள் இருக்கின்றன.

ஸ்டீராய்டு என்னும் சொல்லின் சுமை

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் நடக்க இயலாத ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தப்பட்டது. சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் அக்கண்டுபிடிப்பிற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்துமாவின் அழற்சியையும் அம்மருந்து அடக்கியது. ஆனால் மாத்திரையாகவும் ஊசியாகவும் மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. நம் தாய்மார்கள் ‘ஸ்டீராய்டு’ என்று கேட்டவுடன் நடுங்குவதன் வேர் இங்கேதான் உள்ளது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அது மாத்திரைக்கும் ஊசிக்கும் உரிய அச்சம்.

இதற்குத் தீர்வு தேடிய டேவிட் ஜாக் என்னும் மருந்தியல் அறிஞரின் குழு, இங்கிலாந்தில் 1969இல் சல்பூட்டமாலையும், 1972இல் பெக்லோமெத்தசோன் என்னும் உள்ளிழுப்பு ஸ்டீராய்டையும் அளித்தது. வயிற்றின் வழியாக உடல் முழுவதும் சுற்றாமல், தேவையுள்ள மூச்சுக்குழாயின் மீதே மருந்து படிவதால் மிகச் சிறிய அளவே போதுமாயிற்று. ஒரு பிரட்னிசலோன் மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. கடும் திணறலின்போது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அத்தகைய எட்டு மாத்திரைகள் வரை கொடுக்க நேரும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ பெரும்பாலும் 100 முதல் 250 மைக்ரோகிராம். இரண்டும் வெவ்வேறு வீரியமுள்ள மருந்துகள். எனவே எண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆயினும் உடல் முழுவதும் பரவும் சுமையில் உள்ள வேறுபாடு பெரிது. ஒழுங்காக இன்ஹேலர் எடுப்பவருக்கு, மாத்திரையும் ஊசியும் தேவைப்படும் நாட்கள் குறைகின்றன. ஸ்டீராய்டை அஞ்சி இன்ஹேலரை ஒதுக்குபவர், இறுதியில் பன்மடங்கு ஸ்டீராய்டை மருத்துவமனைப் படுக்கையில் ஏற்கிறார்.

கனடாவின் சஸ்காச்சவன் மாநிலப் பதிவேடுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, குறைந்த அளவு உள்ளிழுப்பு ஸ்டீராய்டை ஒழுங்காக எடுத்தோரிடையே ஆஸ்துமா மரணம் குறைந்ததைக் காட்டியது. ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு டப்பாவிற்கும் மரண வீதம் 21 விழுக்காடு குறைந்தது. மருந்தை நிறுத்திய சில மாதங்களில் ஆபத்து மீண்டும் ஏறியது. ‘நலமாகிவிட்டேன், இனி எதற்கு?’ என்று கேட்பவருக்கு இதுவே விடை. அவர் நலமாயிருப்பதே அம்மருந்தினால்தான்.

இரண்டும் ஒன்றாக இணைந்த காரணம்

சல்பூட்டமாலின் பலன் நான்கு முதல் ஆறு மணி நேரமே. 12 மணி நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் சால்மெட்டரால், ஃபார்மோட்டரால் ஆகியவை பின்னர் வந்தன. இவற்றையும் சிலர் ஸ்டீராய்டு இன்றித் தனியே எடுத்தனர். அமெரிக்காவில் 26,355 நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரும் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டரால் சேர்த்துப் பெற்றோரில் 13 பேரும், பெறாதோரில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்தனர். ஆய்வு 2003இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆய்வில் சேர்ந்தபோது ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருந்தோர் அவர்களுள் பாதிக்கும் குறைவு. நெடுநேர மருந்தைத் தனியாகக் கொடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை இதனால் பிறந்தது.

இரு மருந்துகளையும் ஒரே கருவியில் சேர்த்துவிட்டால், நோயாளி ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிட இயலாது. புளூட்டிகசோனும் சால்மெட்டராலும், புடெசோனைடும் ஃபார்மோட்டராலும் இணைந்த சேர்க்கை இன்ஹேலர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பரவின. அவற்றின் பாதுகாப்பைச் சோதிக்கப் புதிய பெரும் ஆய்வுகள் நடத்தப்பட்டன. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கையில் அந்தக் கூடுதல் ஆபத்து தென்படாததால், 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சேர்க்கை இன்ஹேலர்களின் மீதிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் புடெசோனைடு–ஃபார்மோட்டரால் சேர்க்கை இடம்பெற்றுள்ளது.

இம்மருந்துகள் நம் நாட்டில் எளியோரின் கைக்கு எட்டியதில் நம் சமுதாயத்தவர் ஒருவரின் உழைப்பும் கலந்துள்ளது. அலிகரில் பிறந்து, ஜெர்மனியில் வேதியியல் கற்ற குவாஜா அப்துல் ஹமீது, 1935இல் பம்பாயில் சிப்லா நிறுவனத்தைத் தொடங்கினார். 1939இல் காந்தியடிகள் அங்கு வந்து பார்வையிட்டார். அவர் மகன் யூசுப் ஹமீதின் காலத்தில் அந்நிறுவனம் இன்ஹேலர்களை இந்தியாவிலேயே செய்து குறைந்த விலையில் விற்றது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அதற்குத் துணை நின்றது. இன்று பல இந்திய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. எதை வாங்க வேண்டும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வரலாறு கற்பிக்கும் ஒழுங்குகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே பின்வரும் விதிகள் பிறந்துள்ளன.

முதலாவது: உங்கள் கையிலிருப்பது எவ்வகை என்பதை அறியுங்கள். சேர்க்கை இன்ஹேலர் பெரும்பாலும் காலையும் மாலையும் எடுக்கும் தடுப்பு மருந்து. சால்மெட்டரால் சேர்ந்தது மெதுவாகவே வேலை செய்யும். திடீர்த் திணறலுக்கு அது உதவாது. ஃபார்மோட்டரால் விரைந்து செயல்படுவதால், அது சேர்ந்த இன்ஹேலரைச் சில நோயாளிகள் திணறலுக்கும் பயன்படுத்துமாறு மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அவர் எழுதித் தந்த உச்ச அளவைத் தாண்டலாகாது.

இரண்டாவது: இழுக்கும் முறை. அழுத்தும் இன்ஹேலராயின் நன்கு குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பின்னர் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். அடுத்த அழுத்தத்திற்கு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். குழந்தைகளும் முதியோரும் ஸ்பேசர் என்னும் இடைக்குழாயோடு எடுப்பதே சிறந்தது. தொண்டையில் படியும் மருந்து குறைந்து நுரையீரலை அடைவது கூடும். பொடி மருந்துக் கருவியாயின் முறை மாறுகிறது: வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதக் கூடாது. அதற்கென வரும் கேப்ஸ்யூலை விழுங்குவோர் இன்றும் உளர். அது கருவியில் இட்டு இழுப்பதற்கே உரியது.

மூன்றாவது: வாய் கொப்பளித்தல். வாயிலும் தொண்டையிலும் தங்கும் ஸ்டீராய்டு, நாவில் வெண்படலமாகப் படரும் பூஞ்சையையும் குரல் கம்மலையும் உண்டாக்கும். இழுத்தவுடன் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் அது நேராது. அல்லாஹ் நமக்கு எவ்வளவு எளிதாக்கியிருக்கிறான் பாருங்கள்! பஜ்ருக்கும் மக்ரிபுக்கும் ஒளுச் செய்யுமுன் இன்ஹேலர் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியும் அமைகிறது. ஒளுவில் வாய் கொப்பளிக்கும் சுன்னத்தும் அதனைத் தொடர்ந்து நிறைவேறுகிறது. தொண்டை வரை நீர் செலுத்திக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

நான்காவது: தாமாக நிறுத்தாமை. நலமாயிருந்தாலும் அளவைக் குறைப்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கருவுற்ற பெண்களும் அவ்வாறே. கட்டுப்படாத ஆஸ்துமாதான் தாய்க்கும் சேய்க்கும் பெரிய தீங்கு. அதே வேளை, அதிக அளவைப் பல ஆண்டுகள் எடுத்தால் கண்புரை, எலும்புத் தேய்வு போன்றவை நேரக்கூடும். குழந்தைகளின் உயரம் சிறிதளவு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், குறையலாம். ஆகவே நோயைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவே இலக்கு. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் கண்டு மீளாய்வு செய்தல் அவசியம். வேறு நோய்க்காகப் புதிய மாத்திரை எழுதப்படும்போதும் ஆஸ்துமா உண்டு என்று சொல்லிவிடுங்கள். ப்ரோப்ரானலால் போன்ற இதய மருந்துகள் மூச்சுக்குழாயை இறுக்கும். சில பூஞ்சை மருந்துகள் ஸ்டீராய்டை உடலில் தேங்கச் செய்யும்.

ஐந்தாவது: பராமரிப்பு. வெயிலில் நிற்கும் இருசக்கர வாகனப் பெட்டியில் இன்ஹேலரை வைக்கலாகாது. மருந்து தீர்ந்ததா என்பதை அதன் எண் காட்டியைப் பார்த்தே அறிய வேண்டும். டப்பாவை நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது தவறான முறை. ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசித் தானே உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறாவது: ஆபத்தின் அறிகுறிகள். வாரத்தில் இரு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டாலோ, இரவில் இரைப்பால் விழித்தாலோ நோய் கட்டுக்குள் இல்லை. மருத்துவரைக் காண வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலம் பாரித்தல், நிவாரண மருந்திற்கும் அடங்காத திணறல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரம் அதுவன்று.

நோன்பும் இன்ஹேலரும்

நோன்பு நிலையில் இன்ஹேலர் எடுப்பது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷைக் இப்னு பாஸ், ஷைக் இப்னு உஸைமீன் போன்றோர் அது உணவுமன்று, பானமுமன்று என்பதால் நோன்பை முறிக்காது என்றனர். நீர்த்துளியும் மருந்துத் துகளும் தொண்டையைக் கடப்பதால் முறியும் என்பது தேவ்பந்த் உள்ளிட்ட ஹனஃபி உலமாக்கள் பலரின் தீர்ப்பு. ஷாஃபி அறிஞர்கள் பலரும் அவ்வாறே கூறினர். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1997இல் நடத்திய தன் பத்தாவது அமர்வில், நோன்பை முறிப்பவை குறித்துத் தீர்மானம் இயற்றியபோது, இன்ஹேலர் பற்றிய முடிவை மேலாய்விற்கு ஒத்திவைத்தது. ஆகவே இதில் ஒருவரையொருவர் பழித்தல் தகாது. தத்தம் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டு நடப்போமாக.

ஆனால் கருத்து வேறுபாடே இல்லாத செய்திகளும் உள. நோயாளிக்கு அளித்த சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக்குகின்றன. அதே அத்தியாயத்தின் 195ஆம் வசனம் நம்மை நாமே அழிவில் ஆழ்த்திக்கொள்வதைத் தடுக்கிறது. பகலில் மூச்சுத் திணறினால் நிவாரண மருந்தை எடுத்தே ஆக வேண்டும். நோன்பு முறியும் என்ற கருத்தைப் பின்பற்றுவோர் பின்னர் ஒரு நாள் களாச் செய்துகொள்ளலாம். நோன்பு நோற்கவே இயலாத அளவிற்கு நீடித்த நோயுடையோருக்கு ஃபித்யா என்னும் பரிகாரம் உண்டு. முறிந்த நோன்பிற்கு ஈடு இருக்கிறது. நின்றுபோன மூச்சிற்கு ஈடு ஏது?

மேலும், காலை மாலை எடுக்கும் சேர்க்கை இன்ஹேலருக்கு இவ்விவாதமே எழாது. ஸஹரில் உண்ணுமுன் ஒரு வேளை. நோன்பு திறந்து கஞ்சி அருந்தியபின் ஒரு வேளை. இரண்டும் நோன்பின் நேரத்திற்கு வெளியே அமைகின்றன. ரமலான் வந்தபின் யோசிக்காமல், ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைச் சந்தித்து இந்நேர மாற்றத்தையும் அளவையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே உள்ளது. செலவை எண்ணித் தயங்குவோர், அரசு மருத்துவமனையில் எவ்வகை இன்ஹேலர் கிடைக்கிறது என்று கேட்டறியலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தொழுகைக் கூடத்தில் ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையைத் தவிர்ப்பதும், பாய்களின் தூசியை முறையாக நீக்குவதும் இரைப்பு கண்ட தொழுகையாளிக்கு நாம் செய்யும் உதவி. மதரஸாவில் ஓதும் பிள்ளையின் பையில் இன்ஹேலர் இருந்தால் அதை விளையாட்டுப் பொருளெனப் பறித்து வைக்காமல், அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்குமாறு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அர்-ராஸியும் இப்னு சீனாவும் நோயை ஆராய்ந்ததும், சென்னையின் ஊமத்தை கடல் கடந்ததும், எத்தனையோ உயிர்களை இழந்தபின் இரு மருந்துகள் ஒரு குப்பிக்குள் அடங்கியதும் நம் மூச்சு தடைபடாதிருக்கவே. நோய்க்கு மருந்தைத் தேடுவது நபிவழியின்பாற்பட்டது. தேடிக் கிடைத்ததை உரிய முறையில் பயன்படுத்துவது அந்த அருட்கொடைக்கு நாம் செலுத்தும் நன்றி. இன்றே உங்கள் வீட்டிலுள்ள இன்ஹேலரை எடுத்துப் பாருங்கள். அது எவ்வகை, எண் காட்டியில் எவ்வளவு மீதம், அதை அத்தாவும் நன்னியும் பிள்ளையும் எப்படி இழுக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். ஐயமிருப்பின் அடுத்த முறை மருத்துவர் முன்னிலையிலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.